குளிர மறுக்கும் விண்மீன்கள்

வெந்நீர்த் தவலையின் அடியிலிருந்து விறகை இழுத்துவிட்டால் என்ன ஆகும்? நீர் மெல்ல மெல்ல ஆறிப்போகும். இதைச் சொல்ல விஞ்ஞானி தேவையில்லை. ஆனால் விண்மீன்கள் இந்த வழக்கத்திற்குக் கட்டுப்படுவதில்லை. வெப்பத்தை இழக்க இழக்க அவை மேலும் சூடேறுகின்றன!

சூரியனை எடுத்துக்கொள்வோம். அந்த மாபெரும் வாயுக் கோளத்தின் ஒவ்வொரு துகளையும் ஈர்ப்பு விசை மையத்தை நோக்கி இழுக்கிறது. உள்ளிருக்கும் சூடான வாயுவின் அழுத்தம் வெளியே தள்ளுகிறது. இரண்டும் ஈடாக நிற்பதால்தான் சூரியன் சுருங்கவுமில்லை, சிதறவுமில்லை. ஆனால் அது ஒளி வீசுகிறதே, அதாவது ஆற்றலை இழக்கிறதே! இழப்பை ஈடுசெய்ய ஏதுமில்லையெனில் கோளம் சற்றுச் சுருங்கும். மேலிருந்து விழும் கல் வேகம் பெறுவதுபோல, உள்நோக்கி விழும் வாயுத் துகள்களும் வேகம் பெறும். இவ்வாறு கிடைக்கும் ஆற்றலில் ஏறக்குறையப் பாதி ஒளியாக வெளியேற, மறுபாதி உள்ளே தங்கி வாயுவைச் சூடேற்றும். செலவழித்தும் கையிருப்பு கூடுகிற விசித்திரமான கணக்கு!

சூரிய ஒளிக்கு இச்சுருக்கமே காரணம் என்று 19ஆம் நூற்றாண்டில் கெல்வின் கருதினார். ஆனால் அது சில கோடி ஆண்டுகளுக்கே போதும். சூரியனின் வயதோ 460 கோடி ஆண்டுகள். சுருக்கத்தைத் தடுத்து நிறுத்தியிருப்பது அணுக்கரு இணைவு. ஏறக்குறைய 1.5 கோடி டிகிரி வெப்பமுள்ள மையத்தில், நொடிக்குச் சுமார் 60 கோடி டன் ஹைட்ரஜன் ஹீலியமாக மாறுகிறது. இணைவு அளவு மீறினால் மையம் விரியும், விரிந்தால் குளிரும், இணைவு தணியும். ஆகவே சூரியன் குண்டுபோல் வெடிப்பதில்லை.

மையத்தில் ஹைட்ரஜன் தீர்ந்ததும் பழைய கதை தொடங்கும். உள்ளகம் சுருங்கிச் சூடேறும். வெளி அடுக்குகள் உப்பி விண்மீன் செம்பூதமாகும். உள்ளகம் 10 கோடி டிகிரியை எட்டும்போது ஹீலியம் கார்பனாக மாறத் தொடங்கும். அதுவும் தீர்ந்தால்? சுருக்கத்திற்கு முடிவே இல்லையா?

இரவு வானில் மிகப் பிரகாசமான விண்மீன் சிரியஸ். அதன் மங்கலான துணையை 1862இல் ஆல்வன் கிளார்க் கண்டார். அதன் நிறை சூரியனளவு. பருமனோ பூமியைவிடச் சற்றுச் சிறியது! அதில் ஒரு கன சென்டிமீட்டர் பொருள் சராசரியாக 2 டன்னுக்கு மேல் நிறையுள்ளது. இவ்வளவு நெருக்கத்தில் எலெக்ட்ரான்கள் ஒன்றன் இடத்தில் மற்றொன்று புக மறுக்கின்றன. அந்த மறுப்பே ஓர் அழுத்தம். அதற்கு வெப்பம் தேவையில்லை. எனவே இந்த வெண்குள்ளன், வெந்நீர்த் தவலையைப் போலவே, சுருங்காமல் ஆறலாம்.

ஆனால் இந்தத் தாங்கலும் எல்லையற்றதன்று. 1930இல் சென்னை மாநிலக் கல்லூரிப் படிப்பை முடித்து இங்கிலாந்துக்குக் கப்பலேறிய 19 வயது சந்திரசேகர், பயணத்திலேயே அதைக் கணக்கிட்டார். நிறை சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்கை மீறினால் எலெக்ட்ரான்கள் தோற்றுவிடும். 1935இல் புகழ்பெற்ற எடிங்டன் இம்முடிவைச் சபையிலேயே எள்ளி மறுத்தார். கணக்கு வென்றது, 1983இல் சந்திரசேகருக்கு நோபல் பரிசும் வந்தது. வரம்பை மீறிய உள்ளகம் நியூட்ரான் விண்மீனாகவோ கருந்துளையாகவோ முடியும்.

இந்த வரம்பு எஞ்சும் உள்ளகத்திற்கே உரியது என்பதை மறக்கக்கூடாது. சிரியசின் துணை பிறந்தபோது அதன் நிறை சூரியனைப் போல் சுமார் 5 மடங்கு இருந்தது. பெரும்பகுதியை வானில் உதறிவிட்டதால்தான் அது இன்று அமைதியாக ஆறிக்கொண்டிருக்கிறது.