சீட் கிடைச்சாச்சு... பாடம் கிடைச்சுதா?

“எங்க ஸ்கூல்ல இதுக்கெல்லாம் வசதி இல்லைங்க, ஸ்பெஷல் ஸ்கூல்ல பாருங்களேன்!”

மாற்றுத்திறனாளிக் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு அட்மிஷனுக்குப் போகும் பல பெற்றோருக்குப் பழகிப்போன பதில் இது. குரலில் கனிவுகூட இருக்கும். ஆனால், சட்டம் வேறு மாதிரி சொல்கிறது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-ன்படி, 40 சதவிகிதம் அல்லது அதற்கு மேல் குறைபாடு இருப்பதாகச் சான்று பெற்ற 6 முதல் 18 வயது வரையிலான குழந்தைக்கு, அருகிலுள்ள பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகப் படிக்க உரிமை உண்டு. எந்தப் பள்ளி என்பது அந்தக் குழந்தையின் விருப்பம், பள்ளியின் விருப்பம் அல்ல. அந்தச் சட்டம் சொல்லும 21 வகைக் குறைபாடுகளில் ஆட்டிசமும், டிஸ்லெக்ஸியா போன்ற கற்றல் குறைபாடுகளும் உண்டு.

சரி, சீட் கிடைத்துவிட்டது. அப்புறம்?

செவித்திறன் குறைந்த பிள்ளை, டீச்சரின் உதட்டைப் பார்த்துத்தான் பாதிப் பாடத்தைப் புரிந்துகொள்ளும். டீச்சரோ போர்டு பக்கம் திரும்பி எழுதிக்கொண்டே பேசுவார். அந்த ஐந்து நிமிடப் பாடம் அந்தப் பிள்ளைக்கு இல்லை. பார்வைக் குறைபாடுள்ள பிள்ளைக்கு, போர்டில் எழுதுவதை வாய்விட்டுச் சொன்னாலே போதும். இதற்கெல்லாம் பட்ஜெட் தேவையில்லை, பழக்கம்தான் தேவை. வாசலில் சாய்வுதளம் கட்டியிருப்பார்கள், கழிவறைக் கதவில் வீல்சேர் நுழையாது. அதனால், தண்ணீரே குடிக்காமல் மாலை வரை உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் உண்டு. மதியம் பள்ளிக்கு வந்து கழிவறைக்குத் தூக்கிப்போகும் அம்மாக்களும் உண்டு. அந்த அம்மா வேலைக்குப் போவது எப்படி?

டிஸ்லெக்ஸியா குழந்தைகளின் பாடு வேறு. வெளியில் எதுவும் தெரியாது என்பதால் ‘சோம்பேறி’ பட்டம்தான் முதலில் கிடைக்கும். கற்றல் குறைபாட்டைச் சீக்கிரமே கண்டறிய வேண்டியது பள்ளியின் பொறுப்பு என்கிறது அதே சட்டம்.

தமிழகத்தில் பொதுத்தேர்வில் ஒரு மணி நேரம் கூடுதல் அவகாசம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாட விலக்கு எனச் சலுகைகள் இருக்கின்றன. குறைபாட்டைப் பொறுத்து இவை மாறும். மருத்துவச் சான்றுடன் தலைமை ஆசிரியர் மூலம் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். பலர் 10-ம் வகுப்பு அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகுதான் சான்றுக்கே அலைகிறார்கள். இன்னொரு விஷயம்... கணக்கை வாயால் சொல்லி இன்னொருவரை எழுதவைப்பது தனித் திறமை. தேர்வு அறையில் முதன்முறையாக முயன்றால் கைகொடுக்காது. 9-ம் வகுப்பிலேயே வகுப்புத் தேர்வுகளில் பழக்கிவிடுங்கள்.

சிறப்பாசிரியர்கள்? தொடக்கநிலையில் 10 மாணவர்களுக்கு ஒருவர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர் என 2022-ல் மத்திய அரசு வரையறுத்தது. இங்கே வட்டார வள மையத்திலிருந்து ஒரே ஆசிரியர் பல பள்ளிகளுக்குச் சுற்றி வருகிறார். அவர் வராத நாள்களில் வகுப்பாசிரியர்தான் எல்லாமே. அவருக்குப் பயிற்சி கொடுக்காமல் அவரைக் குறைசொல்வதும் நியாயமில்லை.

உங்கள் பிள்ளை அரசுப் பள்ளியில் படித்தால், பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான். அடுத்த கூட்டத்தில் அந்தக் கழிவறைக் கதவின் அகலத்தைக் கேளுங்கள். உங்கள் பிள்ளைக்கு வீல்சேர் தேவையில்லை என்றாலும் கேளுங்கள்.