சொல் சென்று சேரும் இடம்

கடல் கடந்த வாணிகத்திலே பிணக்கு எழுமாயின், எந்நாட்டு நீதிமன்றில் வழக்கிடலாம் என்பதே சட்டத்தரணி முதற்கண் ஆராயும் வினாவாகும். ஒப்பந்தம் செய்யப்பட்ட இடத்து மன்றில் வழக்கிடலாமென எமது குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை கூறும். ஆங்கில மன்றுகளும் அவ்விடத்தைக் கருதுவன. ஆயின், இருவர் இரு நாடுகளிலிருந்து உடன்படுங்கால் அவ்விடம் யாது? செய்தி செல்லும் கருவி மாறுந்தோறும் இதற்குரிய விடையும் மாறி வந்துள்ளது.

அஞ்சற் காலத்து விதி 1818இல் தீர்க்கப்பட்ட ஆங்கில வழக்கொன்றிற் பிறந்தது. கம்பளி உரோமம் விற்க முன்வந்தோர் 1817 செப்ரெம்பர் 2ஆந் திகதி எழுதிய கடிதம், விலாசப் பிழையால் 5ஆந் திகதியே சேர்ந்தது. பெற்றோர் அன்றிரவே உடன்பட்டு மறுமொழியைத் தபாலிற் சேர்த்தனர். அது கிடைக்குமுன் 8ஆந் திகதி சரக்கு பிறர்க்கு விற்கப்பட்டது. மறுமொழி தபாலிற் சேர்ந்தபோதே ஒப்பந்தம் முற்றிற்று என மன்று தீர்த்தது.

பின்னர் ரெலெக்ஸ் என்னும் தட்டெழுத்துத் தந்தி வந்தது. 1955இல் என்ரோரெஸ் வழக்கிலே, 100 தொன் செப்புக்கு இலண்டனிலிருந்து விடுத்த கேள்விக்கு அம்ஸ்ரர்டாமிலிருந்து ரெலெக்ஸ் வாயிலாக உடன்பாடு வந்தது. ஆற்றின் அக்கரையிலிருந்து ஒருவன் கூவும் மறுமொழியை வானூர்தியின் இரைச்சல் விழுங்கிவிடின் அக்கணத்தே ஒப்பந்தம் இல்லை என நீதியரசர் டெனிங் உவமை காட்டினார். உடனுக்குடன் செல்லும் உடன்பாடு பெறப்படும் இடத்திலேயே ஒப்பந்தம் பிறக்கும். ஆகவே இலண்டன் மன்றில் வழக்கிடல் கூடிற்று. அவ்விதியே 1982இல் மறுதலையாகப் பயன்பட்டது. உருக்கு வாங்க இலண்டனிலிருந்து விடுத்த உடன்பாடு வியன்னாவிற் பெறப்பட்டமையால், வாங்கியோர்க்கு ஆங்கில மன்றின் கதவு அடைபட்டது.

மின்னஞ்சலோ இடத்தையே மயக்குவது. எழுதுவோர் பயணத்தில் இருக்கலாம். சேவையகம் மூன்றாம் நாட்டில் இருக்கலாம். ஆதலின், 2005இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்ற சாசனம், சேவையகம் இருக்குமிடத்தைப் பொருட்படுத்தாது, பெறுவோரின் வாணிக நிலையத்தையே செய்தி சேர்ந்த இடமாகக் கொண்டது. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல்கள் சட்டத்தை இயற்றிய இலங்கை, 2015இல் இச்சாசனத்தையும் உறுதிப்படுத்தியது.

முன்னர்க் கடிதம் கடல் கடக்கும் வாரங்களிலே சட்டத்தரணி ஆற அமரச் சிந்தித்தார். இன்றோ வரைவுகள் ஒரே நாளிற் பன்முறை சென்று மீளும். விரைவிலே தட்டிய ‘சம்மதம்’ என்னும் ஒரு சொல் ஒருவரை அயல்நாட்டு மன்றுக்கு இழுத்தல் கூடும். சிறு வணிகர்க்கு அப்பயணச் செலவே தோல்வியாகும். எனவே, எந்நாட்டுச் சட்டம், எந்நாட்டு மன்று என்பவற்றை ஒப்பந்தத்திலேயே எழுதி வைத்தல் அறிவுடைமை. உலகெங்கும் தொழில் புரியும் எம் பழைய மாணவரும், நாளை தொழில் புகும் மாணவரும் இதனை நினைவிற் கொள்வாராக.