மாமாவும் பத்து ரூபாய் மாத்திரையும்!

ராசிபுரம் என்றால் மற்றவர்களுக்கு நெய் ஞாபகம் வரும். எனக்கு மாமா ஞாபகம் வரும். சோற்றில் நெய் ஊற்றிச் சாப்பிடுகிற ஆள் இல்லை அவர். நெய்யில் சோறு போட்டுச் சாப்பிடுகிற ஆள்! விளைவு... 48 வயதில் சுகர்.

போன ஐப்பசியில் மாரியம்மன் தீமிதிக்கு மாமா விரதம். இரண்டு நாளாக வெறும் மோரும் தண்ணீரும். மூன்றாம் நாள் வாந்தி, வயிற்றுவலி, மேல்மூச்சு. அத்தை மீட்டரை எடுத்து விரலில் குத்தினார். 190.

"நூத்தித் தொண்ணூறுதான் கண்ணு... வெறும் வயித்துல பித்தம், வேறொண்ணுமில்லை!" என்று அத்தை தீர்ப்பு சொல்லிவிட்டார்.

நல்லவேளை, டாக்டர் மீட்டரை நம்பவில்லை. "என்ன மாத்திரை சாப்பிடறாருங்க?" என்றார். அட்டையைக் காட்டினோம். உடனே ரத்தத்தில் கீட்டோன் டெஸ்ட். அமிலம் எகிறியிருந்தது! மூன்று நாள் ஐ.சி.யூ.

மாத்திரையை எழுதிக் கொடுத்தது யார்? எதிர்வீட்டு வாத்தியார்!

பெயர் எம்பாகிளிஃப்ளோசின். இதன் தம்பி, அண்ணன்மார் டாபாகிளிஃப்ளோசின், கானாகிளிஃப்ளோசின். நான் பி.காம். என்பதால் கணக்குப் பாஷையில் சொல்கிறேன். நம் கிட்னி ஒரு கஞ்சக் கணக்குப்பிள்ளை. ரத்தத்திலிருந்து வடிகட்டும் சர்க்கரையை ஒரு பைசா விடாமல் திரும்ப வரவு வைத்துவிடும். இந்த மாத்திரை அந்தக் கையைப் பிடித்துக்கொள்கிறது. சர்க்கரை சிறுநீரில் செலவாகிவிடும்.

லாபம் நிஜமாகவே பெரிது. எடை இரண்டு மூன்று கிலோ குறையலாம். 2015-ல் வெளியான பெரிய ஆய்வில், இதய நோயுள்ள சர்க்கரைக்காரர்களிடம் இதயக் கோளாறு சாவுகள் 38 சதவீதம் குறைந்தன. கிட்னி பழுதாவதையும் தள்ளிப்போடுகிறது. 2025 மார்ச்சில் இங்கே காப்புரிமை முடிந்ததும், 60 ரூபாய் வரை விற்ற மாத்திரை 10 ரூபாய்க்குள்ளேயே வந்துவிட்டது. பத்துக் கோடி சர்க்கரைக்காரர்கள் இருக்கிற நாட்டுக்கு இது நல்ல சேதிதானே!

நஷ்டக் கணக்கும் உண்டு. சிறுநீரில் இனிப்பு ஓடினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். அந்தரங்க இடத்தில் அரிப்பு வரும். வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். வலி, வீக்கம், காய்ச்சல் என்றால் அன்றைக்கே டாக்டர். உடம்பில் தண்ணீரும் குறையும். நம்ம ஊர் சித்திரை வெயிலில் தலை சுற்றும்.

எல்லாவற்றையும்விடப் பொல்லாதது மாமாவுக்கு வந்தது. பட்டினி கிடந்தால் உடம்பு கொழுப்பை எரித்து அமிலத்தைச் சேர்க்கும். சர்க்கரைதான் சிறுநீரில் போய்விடுகிறதே... மீட்டர் சாதுவாக 190 காட்டும். உள்ளே அடுப்பு எரியும்! அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2015-லேயே இதை எச்சரித்தது.

ஆகவே இளைஞர்களே, பக்கத்து சீட்காரர் சொன்னார் என்று மெடிக்கல் ஷாப்புக்கு ஓடாதீர்கள். ஏற்கெனவே சாப்பிடுகிறவர்கள் பயந்துபோய் நிறுத்தவும் வேண்டாம். விரதம், வாந்தி பேதி, ஆபரேஷன் என்றால் முன்கூட்டியே டாக்டரைக் கேளுங்கள். ஆபரேஷனுக்கு மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். வாந்தியோடு மூச்சு வாங்கினால் மீட்டரைப் பார்க்காமல் ஆஸ்பத்திரியைப் பாருங்கள்.

மாமாவுக்கு இப்போது வேறு மாத்திரை. வாத்தியாருக்கு அதே மாத்திரை, ஜம்மென்று இருக்கிறார். கேட்டால் மாமா சிரிக்கிறார்:

"வாத்தியார் கண்ணாடியை மாட்டிக்கிட்டு நான் பைக் ஓட்டிட்டேன் மாப்ளே!"