ஆட்டக்காரரும் ஆசானும்: றொன் பராசி

ஆடத் தெரிந்தவர் அனைவருக்கும் ஆட்டுவிக்கத் தெரியும் என்று சொல்வதற்கில்லை. தன் காலில் இருக்கும் திறமையைப் பிறர் காலுக்கு மாற்றுவது வேறொரு கலை. இவ்விரு கலைகளிலும் ஒருங்கே சிறந்தவர் மிகச் சிலர். அவுஸ்திரேலிய உதைபந்தாட்டத்தில் அச்சிலருள் ஒருவர் றொன் பராசி. ஆட்டக்காரராக 6 முறை, பயிற்றுவிப்பாளராக 4 முறை, ஆக 10 முறை சம்பியன் பட்டம் வென்ற அவருடைய வாழ்க்கையைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன்.

நேயர்களே, இந்த ஆட்டம் நாம் அறிந்த உதைபந்தாட்டம் அன்று. நீள்வட்ட வடிவான பெரிய மைதானம். பக்கத்துக்கு 18 பேர். பந்தும் முட்டை வடிவானது. பந்தைக் கையிலே பிடிக்கலாம், ஏந்திக்கொண்டு ஓடலாம், ஆனால் ஓடும்போது இடையிடையே நிலத்தில் தட்ட வேண்டும். தோழனுக்குக் கொடுப்பதானால் உதைக்கலாம், அல்லது ஒரு கையில் வைத்து மறுகை முட்டியால் குத்தி அனுப்பலாம். எறிதல் ஆகாது. எல்லையில் நான்கு கம்பங்கள் நிற்கும். நடு இரண்டுக்கும் இடையே உதைத்தால் கோல். அதற்கு 6 புள்ளிகள். அவற்றின் பக்கத்து இடைவெளியிற் சென்றால் ஒரு புள்ளி மட்டுமே.

பராசி 1936ஆம் ஆண்டு விக்டோரியா மாநிலத்திலே பிறந்தார். தந்தையாரின் பெயரும் றொன் பராசியே. அவர் மெல்பேண் கழகத்துக்காக ஆடி, 1940இல் சம்பியன் பட்டம் பெற்ற அணியில் இடம்பெற்றவர். அடுத்த ஆண்டே, 1941இல், வட ஆபிரிக்காவின் தொப்றுக் போர்க்களத்தில் அவர் உயிர் நீத்தார். மகனுக்கு அப்போது வயது 5.

தந்தையாருடன் ஒரே அணியில் ஆடியவர் நோர்ம் ஸ்மித். இவர் பின்னர் மெல்பேண் அணியின் பயிற்றுவிப்பாளரானார். பராசியின் தாயார் தஸ்மேனியாவுக்குக் குடிபெயர்ந்தபோது, இளைஞனைத் தம் வீட்டிலேயே தங்க வைத்துக்கொண்டார் ஸ்மித். அக்காலத்தில் ஓர் ஆட்டக்காரர் எந்தக் கழகத்தில் சேரலாம் என்பது அவர் குடியிருக்கும் பகுதியைப் பொறுத்திருந்தது. தந்தை ஆடிய கழகத்திலேயே மகனும் ஆடலாம் என்றொரு விதி ஏற்படுமாறு மெல்பேண் கழகம் முயன்றது. அவ்விதியின் பயனாகப் பராசி 1953இல் தந்தையார் அணிந்த 31ஆம் இலக்கச் சட்டையோடு களமிறங்கினார்.

வீட்டில் வளர்ப்புத் தந்தை போன்றிருந்த ஸ்மித், மைதானத்தில் அவருக்குச் சலுகை எதுவும் காட்டவில்லை. மாறாக, அவருக்கென ஒரு புதிய வேலையைக் கண்டுபிடித்தார். பந்தை உயரத் தாவித் தட்டுவதற்கு நெட்டையர். தட்டிய பந்தைப் பொறுக்கி ஓடுவதற்குக் குட்டையர். பராசியோ இரு வகையிலும் சேராதவர். அவரை இருவருக்கும் இடைப்பட்ட மூன்றாமவராக, பந்து போகுமிடமெல்லாம் தொடர்ந்து மோதும் ஆளாக நிறுத்தினார் ஸ்மித். அந்த இடம் பின்னர் எல்லா அணிகளிலும் நிலைபெற்றது. 1955, 1956, 1957, 1959, 1960, 1964 ஆகிய ஆண்டுகளில் மெல்பேண் சம்பியனாயிற்று. கடைசி இரண்டு வெற்றிகளில் பராசியே அணித் தலைவர்.

அந்த 1964ஆம் ஆண்டின் முடிவிலேதான் அவர் வாழ்வின் பெருஞ் சோதனை வந்தது. கார்ல்டன் கழகம், ஆட்டக்காரராகவும் பயிற்றுவிப்பாளராகவும் வருமாறு அவரை அழைத்தது. தந்தையின் கழகம், வளர்த்தவரின் அணி, தமக்கெனவே வழி திறந்த இடம். இவற்றை விட்டுப் போவதா? பராசி போனார். பணத்துக்காக விசுவாசத்தை விற்றார் என்று தூற்றியவர் பலர். ஆனால் ஸ்மித்தின் நிழலில் இருக்கும்வரை தாம் ஓர் ஆசானாவது இயலாது என்பதை அவர் உணர்ந்திருக்க வேண்டும். பெற்ற கடனை அதே வீட்டில் இருந்துதான் தீர்க்க வேண்டும் என்பதில்லை. கற்றதைப் பிறருக்குக் கற்பிப்பதும் கடன் தீர்ப்பதே.

அவர் சென்றபோது கார்ல்டன் பத்தாம் இடத்தில் கிடந்தது. கடுமையான பயிற்சி, தவறினால் முகத்துக்கு நேரே கண்டிப்பு என்று பராசி அணியை மாற்றினார். 1968 இறுதியாட்டத்தில் எசென்டன் அணி 8 கோல்களும் 5 ஒற்றைப் புள்ளிகளுமாக 53 பெற்றது. கார்ல்டன் 7 கோல்களே அடித்தது. எனினும் 14 ஒற்றைப் புள்ளிகள் சேர்ந்தமையால் 56 பெற்று வென்றது.

அவர் புகழை நிலைநாட்டியது 1970 இறுதியாட்டம். மெல்பேண் மைதானத்திலே 121,696 பேர் கூடியிருந்தனர். பாதியாட்டத்தில் கொலிங்வூட் அணி 44 புள்ளிகள் முன்னே நின்றது. இடைவேளையில் பராசி சொன்னது மிக எளியது: பந்தைப் பிடித்தவுடன் நின்று உதைக்க வேண்டாம், அருகே ஓடிவரும் தோழனுக்குக் கையால் குத்திக் கொடுத்துவிட்டு ஓடுங்கள் என்பதே அது. மாற்று ஆட்டக்காரராக இருந்த ரெட் ஹொப்கின்சைக் களமிறக்கினார். அவர் 4 கோல்கள் அடித்தார். கார்ல்டன் 10 புள்ளிகளால் வென்றது. உதைப்பதற்கு வழியில்லாதபோது மட்டுமே கைக்குத்தை நாடிய பழக்கம் மாறி, அது தாக்குதலுக்கே கருவியாக வளர்வதற்கு அந்த ஆட்டம் பெருந்தூண்டுதலாயிற்று.

பின்னர் 1973இல் வட மெல்பேண் கழகம் அவரை ஏற்றது. முந்திய ஆண்டு ஒரேயொரு வெற்றி பெற்ற அணி அது. 1925இல் பெருங்குழுவில் சேர்ந்தது முதல் ஒருமுறையேனும் சம்பியனாகாத அணியும் அதுவே. 1975இல் ஹோதோர்ன் அணியை 55 புள்ளிகளால் வென்று அக்குறை தீர்ந்தது. 1977 இறுதியாட்டம் 76க்கு 76 எனச் சமநிலையில் முடிய, மறுவாரம் மீண்டும் ஆடி வட மெல்பேண் வென்றது.

ஆயினும் வெற்றி எங்கும் அவரைத் தொடரவில்லை. 1981இல் மெல்பேணுக்குத் திரும்பினார். அவ்வாண்டு அணி வென்றது ஓர் ஆட்டமே. ஐந்தாண்டு உழைத்தும் பட்டம் கிட்டவில்லை. ஆனால் அயர்லாந்தின் கேலிக் உதைபந்தாட்ட இளைஞரை வரவழைத்துப் பழக்கும் முயற்சி அக்காலத்திலேதான் தொடங்கியது. அவ்வாறு 1984இல் டப்ளினிலிருந்து வந்த ஜிம் ஸ்ரைன்ஸ், 1991இல் சிறந்த ஆட்டக்காரருக்கான பிரௌன்லோ பதக்கம் பெற்றார். 1993இல் தோல்வி மேல் தோல்வியாகத் தளர்ந்திருந்த சிட்னி அணியையும் பராசி ஏற்று, மூன்றாண்டு தாங்கினார். அவர் விலகிய மறு ஆண்டு, 1996இல், அந்த அணி இறுதியாட்டத்தை எட்டியது.

1964க்குப் பின் மெல்பேண் அணி மீண்டும் சம்பியனாக 57 ஆண்டுகள் சென்றன. 2021இல் கிடைத்த அவ்வெற்றியைக் காணும் பேறு பராசிக்கு வாய்த்தது. 2023 செப்ரெம்பர் 16ஆம் நாள், தமது 87ஆம் வயதில் அவர் காலமானார்.

நேயர்களே, ஆட்டக்காரரின் புகழை அன்றைய மாலையே கூட்டம் ஆரவாரித்துச் சொல்லிவிடும். ஆசானின் புகழ் அத்தகையதன்று. சில விதைகளின் விளைச்சலை அவரே அறுவடை செய்தார். சிலவற்றைப் பின்வந்தோர் அறுத்தனர். இரண்டுக்கும் ஒரே அளவு வியர்வை சிந்தினார் என்பதே றொன் பராசியின் பெருமை.