ஆங்கிலம் கடன் வாங்கிய அணைக்கட்டு

மீஞ்சூர்ப் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு வல்லூரில் கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே உள்ள அணைக்கட்டு தெரியும். ஆங்கிலத்தில் அதை 'அனிகட்' என்பார்கள். 'கட்' என்றால் வெட்டுதல். ஆகவே கால்வாய் வெட்டிய இடம் என்று வகுப்பில் அடித்துச் சொன்னேன். "அகராதியைப் பார்த்தாயா?" என்று சிஸ்டர் கேட்டார்கள். பார்த்தேன், வெட்கமாகப் போயிற்று.

அது நம் 'அணைக்கட்டு'தான்! ஆங்கிலேயர் நாவில் ணகரம் மெலிந்து, கடைசி 'டு'வும் உதிர்ந்துவிட்டது. 1886-இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதியும் தமிழையே மூலமாகக் காட்டுகிறது. கல்லணையை வியந்த ஆர்தர் காட்டன் 1836-இல் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையையும், 1847-இல் கோதாவரியில் தவளேசுவரம் அணைக்கட்டையும் கட்டத் தொடங்கினார். ஆந்திரம் போயும் பெயர் 'அனிகட்'தான்.

'டாம்' என்ற சொல் இருக்க இது எதற்கு? பூண்டி போன்ற நீர்த்தேக்கம் நீரை மறித்துச் சேமிக்கிறது. அணைக்கட்டோ தாழ்வான சுவர். ஆற்றின் மட்டத்தைச் சற்றே உயர்த்தி, பக்கத்துக் கால்வாயில் நீரைத் திருப்பும். மிகுந்த வெள்ளம் சுவர்மேல் வழிந்து போய்விடும். தாமரைப்பாக்கத்தில் இப்படித் திருப்பும் நீர்தான் சோழவரம் ஏரிக்குப் போகிறது. இதற்கு 'வியர்' என்று ஓர் ஆங்கிலச் சொல் உண்டு. ஆனாலும் இங்கு வேலை செய்த பொறியாளர்கள் ஊர்ச்சொல்லையே பிடித்துக்கொண்டார்கள்.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் என் அப்பாவும் 'அனிகட்' என்றே சொல்கிறார். என் தம்பியோ 'அனிகட்டு' என்கிறான். உதிர்ந்த 'டு' திரும்பி வந்துவிட்டது!