‘ஹை ரிஸ்க்’ ரிப்போர்ட்: பதற வேண்டாம், தள்ளிப்போடவும் வேண்டாம்!

விடியும் முன்பே ஜீப் ஏறி இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போகும் பெண்கள் தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கில் ஏராளம். கருவுற்றால், மூன்றாம் மாத ஸ்கேனுக்கே ஒருநாள் கூலியை விட வேண்டும். அதோடு எடுக்கும் ‘டபுள் மார்க்கர்’ ரத்தப் பரிசோதனையில் குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்க ‘ஹை ரிஸ்க்’ (அதிக வாய்ப்பு) என்று வந்துவிட்டால் வீடே இடிந்துபோகிறது. ‘சொந்தத்தில் கட்டியதால்தான்’ என்பார்கள் சிலர். பழி மருமகள் தலையில் விழும்.

இரண்டும் தவறு. 21-ஆவது குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருப்பதே டவுன் சிண்ட்ரோம். பெரும்பாலும் கருமுட்டை உருவாகும்போது தற்செயலாக நேர்வது. தாயின் வயது ஏற ஏற வாய்ப்பும் கூடும். சொந்தத் திருமணத்தால் கூடுவது வேறு: தாய், தந்தை இருவரிடமிருந்தும் ஒரே பழுதுள்ள மரபணு வந்து சேரும் நோய்கள். அவற்றை டபுள் மார்க்கர் காட்டாது. குடும்பத்தில் அப்படிப் பாதிக்கப்பட்ட குழந்தை இருந்தால், மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

199 பேருக்கு இல்லை

‘1:200’ என்ற முடிவு 200 பெண்களுக்கு வந்தால், அவர்களில் 199 பேரின் குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்காது. உறுதிசெய்ய, 15 வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீரை ஊசியால் எடுத்துப் பரிசோதிப்பார்கள். தேர்ந்த மருத்துவர் செய்தால் கரு கலையும் வாய்ப்பு 200-ல் ஒன்றுக்கும் குறைவு. முழு முடிவு வர இரண்டு, மூன்று வாரம் ஆகலாம். அதனால்தான் நாள் கடத்தக் கூடாது.

கருவில் ஆணா பெண்ணா என்று சொல்வது 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். குரோமோசோம் குறைபாட்டைக் கண்டறிய அதே சட்டம் அனுமதி தருகிறது. அதனால் இந்தப் பரிசோதனைக்கு யாரும் அஞ்ச வேண்டியதில்லை.

முடிவு அவளுடையது

குறை உறுதியானால், 2021-இல் திருத்தப்பட்ட கருக்கலைப்புச் சட்டப்படி 24 வாரம் வரை மருத்துவர்களின் ஒப்புதலோடு கருவைக் கலைக்கலாம். அதற்கு மேல், கடுமையான குறைபாடு என்று மருத்துவ வாரியம் கருதினால் மட்டுமே முடியும். கர்ப்பிணி 18 வயது நிரம்பியவள் என்றால் அவள் சம்மதம் போதும். கணவர், மாமியார் கையெழுத்து தேவையில்லை. பெற்றெடுக்க விரும்பினால் அதற்கும் அவளுக்கு முழு உரிமை உண்டு. டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு இதயக் குறை இருக்கும்; அறுவை சிகிச்சையால் பெரும்பாலும் சரியாகும். சிறுவயதிலேயே பயிற்சி தொடங்கினால் பேசவும் படிக்கவும் கற்பார்கள்.

எந்த வழியாயினும், அது விவரம் தெரிந்து அவள் எடுத்த முடிவாக இருக்க வேண்டும். மரபணு ஆலோசனையும் பனிக்குட நீர்ப் பரிசோதனையும் தேனி மாவட்டத்துக்குள்ளேயே, கூலிக்காரப் பெண்ணுக்கும் இலவசமாக, உரிய வாரத்தில் கிடைப்பதை அரசு உறுதிசெய்ய வேண்டும்.