ரெண்டு மனசா இருக்கு, மாமா!

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். மொட்டை மாடிக்கு மேலே பட்டங்கள் பறந்துகொண்டிருந்தன. என் அக்கா மகள் கையில் நூல்கண்டும் மடியில் கணக்கு நோட்டுமாக உட்கார்ந்திருந்தாள்.

"மாமா, எனக்கு ரெண்டு மனசா இருக்கு. ஒரு மனசு பட்டம் விடச் சொல்லுது. இன்னொரு மனசு கணக்கை முடிக்கச் சொல்லுது. எனக்குள்ள ரெண்டு பேர் இருக்காங்களா?"

எவ்வளவு அழகான கேள்வி! உனக்கும் இப்படி ஒரு நாளாவது தோன்றியிருக்கும். தோன்றியிருந்தால் நீ கெட்டிக்காரப் பிள்ளை. பெரிய விஞ்ஞானிகளே இந்தக் கேள்வியோடு பல வருஷம் மல்லுக்கட்டியிருக்கிறார்கள். அந்தக் கதையைச் சொல்கிறேன், பக்கத்தில் உட்கார்.

முதலில் ஒரு சின்னச் சோதனை. ஒரு தாளும் இரண்டு பென்சிலும் எடுத்துக்கொள். இடது கையால் 'ப' எழுத வேண்டும். மூன்றே கோடுதான். கீழே, குறுக்கே, மேலே. வலது கையால் படுத்துக்கிடக்கும் 'ப' ஒன்றை எழுத வேண்டும். குறுக்கே, கீழே, குறுக்கே. இரண்டு கையும் ஒன்றாகத் தொடங்கி ஒன்றாக முடிக்க வேண்டும். எங்கே, எழுது பார்க்கலாம்!

என்ன ஆயிற்று? கோடுகள் கோணிக்கொண்டு போயிருக்கும். ஒரு கை போகிற பக்கம் இன்னொரு கையும் இழுபட்டிருக்கும். கவலைப்படாதே, எல்லோருக்கும் அப்படித்தான் வரும். ஏன் அப்படி?

தோல் உரித்த வேர்க்கடலையைப் பார்த்திருப்பாய். ஒரே கடலைதான், ஆனால் இரண்டு பாதி. உன் மூளையும் அப்படித்தான். வலது பாதி உன் இடது கையை ஆட்டி வைக்கிறது. இடது பாதி உன் வலது கையை ஆட்டி வைக்கிறது.

இரண்டு பாதிக்கும் நடுவில் ஒரு பாலம் உண்டு. அதன் பெயர் கார்ப்பஸ் கலோசம். சுமார் 20 கோடி நரம்பு இழைகள் சேர்ந்த தடிமனான கட்டு அது. உன் பள்ளிக்கூடத்தில் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ஒரு தாழ்வாரம் இருப்பதாக வைத்துக்கொள். அங்கே நடப்பது இங்கே தெரியும், இங்கே நடப்பது அங்கே தெரியும். அதனால்தான் ஒரு கையின் 'ப' இன்னொரு கையின் 'ப'வைக் குழப்பிவிடுகிறது.

புரிந்ததா? இடது கைக்கு வலது பாதி, வலது கைக்கு இடது பாதி, நடுவில் பாலம். இந்த மூன்றும் மனசில் நின்றால் போதும்.

சரி, அந்தப் பாலத்தை அறுத்துவிட்டால்?

பயப்படாதே, விளையாட்டுக்காக யாரும் அறுக்கவில்லை. 1962ஆம் வருஷம், அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம். இரண்டாம் உலகப் போரில் சண்டையிட்ட ஒருவர் கடுமையான வலிப்பு நோயால் துன்பப்பட்டார். வலிப்பு என்பது மூளைக்குள் அடிக்கும் புயல் மாதிரி. ஒரு பாதியில் கிளம்பும் புயல் பாலம் வழியாக அடுத்த பாதிக்கும் போய்விடும். மருந்து எதற்கும் அது அடங்கவில்லை. எனவே மருத்துவர்கள் அந்தப் பாலத்தை அறுத்தார்கள். வலிப்பு வெகுவாகக் குறைந்தது.

அவர் இரண்டு ஆளாகிவிட்டாரா? அதுதான் ஆச்சரியம்! வழக்கம்போலப் பேசினார், நடந்தார். பார்ப்பவர்களுக்கு எந்த மாற்றமும் தெரியவில்லை.

ஆனால் ரோஜர் ஸ்பெரி என்ற விஞ்ஞானியும் அவருடைய மாணவர் மைக்கேல் கசானிகாவும் விடவில்லை. அந்த நோயாளியையும், அதே சிகிச்சை பெற்ற வேறு சிலரையும் வைத்துச் சோதனைகள் செய்தார்கள். நேரே ஒரு புள்ளியைப் பார்க்கச் சொல்வார்கள். புள்ளிக்கு இடது பக்கம் ஒரு படம் சட்டென்று மின்னி மறையும். இடது பக்கம் தெரிவது மூளையின் வலது பாதிக்குப் போகும். பெரும்பாலானவர்களுக்குப் பேச்சு இருப்பதோ இடது பாதியில்.

ஒரு கரண்டிப் படத்தை இப்படிக் காட்டினால் என்ன நடக்கும்? "என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்டால், "எதையும் பார்க்கவில்லை" என்று வாய் சொல்லும். ஆனால் திரைக்குப் பின்னால் குவிந்த பொருள்களை இடது கை தடவிப் பார்த்து, சரியாகக் கரண்டியை எடுத்துவிடும்! வாய்க்குத் தெரியாதது கைக்குத் தெரிந்திருந்தது. இந்த ஆராய்ச்சிக்காக ஸ்பெரிக்கு 1981இல் நோபல் பரிசு கிடைத்தது.

நம் 'ப' விளையாட்டு நினைவிருக்கிறதா? 1996இல் விஞ்ஞானிகள் கிட்டத்தட்ட அதே சோதனையைச் செய்தார்கள். பாலம் அறுக்கப்பட்டவர்களின் இரண்டு கைகளும் ஒன்றையொன்று குழப்பாமல் தங்கள் தங்கள் வடிவத்தை வரைந்தன. நீயும் நானும் திணறிய வேலை அது!

இனிதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். 1970களில் கசானிகாவும் ஜோசப் லெடூவும் பாலம் அறுக்கப்பட்ட ஒரு பையனிடம் ஒரே நேரத்தில் இரண்டு படம் காட்டினார்கள். பேசும் இடது பாதிக்குத் தெரிந்தது ஒரு கோழிக்கால். பேசாத வலது பாதிக்குத் தெரிந்தது பனி மூடிய ஒரு வீடு. பிறகு, பார்த்ததற்குப் பொருத்தமான அட்டையைக் காட்டச் சொன்னார்கள். வலது கை கோழியைக் காட்டியது. இடது கை, பனியை அள்ளித் தள்ளும் மண்வாரியைக் காட்டியது. இரண்டுமே சரி.

"ஏன் மண்வாரியைக் காட்டினாய்?" என்று கேட்டார்கள். பேசுகிற பாதி பனியைப் பார்க்கவே இல்லை. அப்படியானால் "தெரியாது" என்றுதானே சொல்ல வேண்டும்? அவன் சொல்லவில்லை. கோழிக் கொட்டகையைச் சுத்தம் செய்ய மண்வாரி வேண்டுமே என்று சட்டென்று பதில் சொன்னான்!

அவன் பொய் சொன்னானா? இல்லை, கண்ணு. அவன் மனதார நம்பித்தான் சொன்னான். நம் எல்லோருக்குள்ளும் இப்படி ஒரு கதைசொல்லி இருக்கிறது என்கிறார் கசானிகா. உனக்குள் நடக்கும் நூறு வேலைகளையும் அது ஒரே நூலில் கோத்து, "இதெல்லாம் நான்தான் செய்தேன்" என்று சொல்கிறது. பாலம் அறுந்தவர்களும் தங்களை ஒரே ஆளாக உணர்ந்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு என்பது அவர் கருத்து.

ஒன்றை மட்டும் தவறாக எடுத்துக்கொள்ளாதே. பட்டம் கேட்கும் மனசு ஒரு பாதி, கணக்குக் கேட்கும் மனசு இன்னொரு பாதி என்று பிரித்துவிட முடியாது. பட்டம் விடும்போதும் கணக்குப் போடும்போதும் உன் மூளையின் இரண்டு பாதியும் சேர்ந்துதான் வேலை செய்கின்றன. ரெண்டு மனசாக இருப்பது ஒரு குறையும் இல்லை. உனக்குள் பல குரல்கள் கலந்து பேசுகின்றன, அவ்வளவுதான். விளையாடும்போது 'வந்துட்டேன்' என்கிறாய், கட்டுரை நோட்டில் 'வந்துவிட்டேன்' என்று எழுதுகிறாய். இரண்டும் நீதானே?

ஆனால் அந்தக் கதைசொல்லியிடம் கொஞ்சம் கவனமாக இரு. தம்பியை ஏன் அடித்தாய் என்று அம்மா கேட்டதும், அது முந்திக்கொண்டு ஒரு காரணத்தை நீட்டும். அந்தக் காரணம் உண்மையாக இருக்கலாம், கோழிக் கொட்டகையாகவும் இருக்கலாம். ஒரு நிமிஷம் நின்று யோசி.

இவ்வளவையும் என் அக்கா மகளுக்குச் சொல்லி முடித்தபோது இருட்டிவிட்டது. மறுநாள் பள்ளிக்கூட மணி அடிக்கும் நேரத்துக்குக் கணக்கு நோட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். கடைசிக் கணக்கு பாதியில் நின்றிருந்தது.

"ஏன்டா கண்ணு முடிக்கல?" என்றேன்.

"அதுவா மாமா, கரண்ட்..." என்று ஆரம்பித்தவள் சட்டென்று நின்றாள். கண்ணை மூடி யோசித்தாள். பிறகு சிரித்துக்கொண்டே சொன்னாள்: "தெரியல மாமா. யோசிச்சுட்டு சாயங்காலம் சொல்றேன்."